இக்னோர் சேர்த்தால் எழுத்து தொலையும்

பிஎச்பி நிரல்மொழியில், தரவை ஜேசான் வடிவ உரையாக மாற்றும் ஜேசான்_என்கோட் தோல்வியடைந்து 'ஃபால்ஸ்' தந்தால் ஜேசான்_இன்வேலிட்_யூடிஎஃப்8_இக்னோர் என்ற ஃபிளாக்கை (கூடுதல் அமைப்பை) சேருங்கள், தகவல் எதுவும் போகாது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பிழை மறையும், உண்மைதான். ஆனால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் செல்லாத பைட்டுகளை அது சத்தமில்லாமல் நீக்கிவிடும்.

பிரெஞ்சுப் பெயர்கள் வரும் மொரீஷியஸ் முகவரிகளில் இது பெரிய விஷயம். நீங்களே பாருங்கள்: ரிவியேர் து ராம்பார் என்ற ஊர்ப்பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் லத்தீன்-1 (வேறொரு எழுத்துக் குறியாக்கம்) கோப்பாகச் சேமித்து, அதைப் படித்து அந்த ஃபிளாக்கோடு ஓட்டுங்கள். ரிவியேரில் தலைக்குறியோடு வரும் எழுத்து இருக்காது. உதாரணமாக, ஒரு கோவில் ரசீதில் ஊர்ப்பெயர் அப்படி அச்சாகக் கூடாது, இல்லையா? இக்னோருக்குப் பதில் ஜேசான்_இன்வேலிட்_யூடிஎஃப்8_சப்ஸ்டிட்யூட் போட்டால் அங்கே ஒரு மாற்றுக்குறியாவது நிற்கும் (இரண்டுமே பிஎச்பி 7.2 முதல் உண்டு). எழுத்து நிலைக்க வேண்டுமானால், முதலில் எம்பி_கன்வெர்ட்_என்கோடிங் என்ற பிஎச்பி செயற்கூறு மூலம் லத்தீன்-1இலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றுங்கள், அப்புறம் ஜேசான்.