விசுவாசம் இல்லாமல் பெற்ற திருமுழுக்கு செல்லாதா?

கத்தோலிக்கப் போதனையை மனதார நம்பாமல் பெற்ற திருமுழுக்கு (ஞானஸ்நானம்) செல்லாது, அதை மறுபடியும் பெற வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், திருச்சபை அப்படிச் சொல்லவில்லை.

தண்ணீர், தந்தை மகன் தூய ஆவியின் பெயரைச் சொல்லும் வாய்பாடு, திருச்சபை செய்வதைச் செய்ய வேண்டும் என்ற நோக்கம் கொடுப்பவருக்கு, பெறும் விருப்பம் வயது வந்தவருக்கு: இவை இருந்தால் திருமுழுக்கு செல்லும். விசுவாசம் இல்லையென்றால் அதன் பலன் தடைபடும், அவ்வளவுதான். பின்னால் மனம் திரும்பினால் பலன் கிடைக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றமாட்டார்கள். பிரிந்துபோனவர்கள் கொடுத்த திருமுழுக்கும் செல்லும் என்று திருச்சபையிலிருந்து பிரிந்த பழங்கால வட ஆப்பிரிக்கக் குழுவினரான தொனாத்துவாதிகளிடம் ஆயர் புனித அகுஸ்தீன் வாதாடியதும் இதையொட்டித்தான்.

கடைசிவரை மறுத்துக்கொண்டே இருப்பவருக்குக் கட்டாயமாகக் கொடுத்தால்? செல்லாது. ஆனால் அங்கே இல்லாதது விருப்பம். சரி, அதற்காக விசுவாசமே தேவையில்லை என்றும் ஆகிவிடாது. வயது வந்தவர் அதை அறிக்கையிட்டுத்தான் முறைப்படி பெற வேண்டும்.

சரிபார்க்க விரும்பினால் வத்திக்கான் இணையதளத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1256, 1272 எண்களையும், திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 849, 865, 869 எண்களையும் பாருங்கள். 1256ஆம் எண், அவசர வேளையில் திருமுழுக்குப் பெறாதவர்கூடக் கொடுக்கலாம் என்கிறது.