1543: இரண்டு நூல்களுக்கு அப்பால்

1543 என்றதும் அறிவியல் வரலாறு படித்தவர்கள் இரண்டு நூல்களைச் சொல்வார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட கோப்பர்னிக்கஸின் நூல் நியூரம்பர்க்கிலும், மனித உடலைப் படங்களோடு விளக்கிய வெசாலியஸின் நூல் பாசெலிலும் அவ்வாண்டு அச்சாகி வெளிவந்தன. அவற்றின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிவைத்ததை 1,300 ஆண்டுகளுக்கும் மேலாக ஓதிவந்த மருத்துவ உலகில், 28 வயது இளைஞரான வெசாலியஸ் பிணத்தைத் தம் கையாலேயே அறுத்துப் பார்த்து அது ஒரே எலும்புதான் என்று காட்டியது சாமானியத் துணிச்சல் அன்று. ஆனாலும் அவ்வாண்டில் எளிய மக்களின் வாழ்வைப் புரட்டிப்போட்டவை கப்பலும் துப்பாக்கியுமே என்பது என் கருத்து.

அன்றைய ஐரோப்பியர்களே இந்நூல்களைப் பற்றி அதிகம் பேசியிருக்க மாட்டார்கள். கத்தோலிக்கரான பிரெஞ்சு அரசர், இஸ்லாமியத் துருக்கியப் பேரரசான உதுமானியரின் கடற்படையைத் துணைக்கு அழைத்து, நீஸ் நகரை முற்றுகையிட்டு, குளிர்காலத்தில் அப்படை தங்குவதற்காகத் தூலோன் நகர மக்களையே வெளியேறச் சொன்னதுதான் ஊரெல்லாம் பேச்சாக இருந்திருக்கும். மதப்போர்க் காலம் என்று நாம் எளிதாகப் பெயரிட்டுவிடும் காலம் அது!

எத்தியோப்பியாவின் பெரும்பகுதியைக் கைப்பற்றியிருந்த அண்டை நாட்டு இஸ்லாமியத் தலைவர் அகமது கிரான் அவ்வாண்டு பிப்ரவரியில், அந்நாட்டு அரசருக்குத் துணைநின்ற போர்த்துகீசியத் துப்பாக்கி வீரர்களோடு நடந்த போரில் மாண்டார். முந்தைய ஆண்டு அவர் வென்றதும் உதுமானியர் அனுப்பிய துப்பாக்கிப் படையின் பலத்தால்தான். அப்போது பிடிபட்டுக் கொல்லப்பட்ட போர்த்துகீசியத் தளபதி கிறிஸ்தோவாவ், வாஸ்கோ ட காமாவின் மகன்.

அதே ஆண்டில் போர்த்துகீசியர் சிலரை ஏற்றிவந்த சீனக் கப்பலொன்று ஜப்பானின் தெற்கே உள்ள தனெகாஷிமா தீவை அடைந்தது. கப்பலில் இருந்த சீனர் ஒருவரும் உள்ளூர்க்காரர் ஒருவரும் கோலால் மணலில் சீன எழுத்துகளை எழுதியே பேசிக்கொண்டார்கள் என்று பின்னாளில் எழுதப்பட்ட ஜப்பானியக் குறிப்பு கூறுகிறது. வந்தவர்களிடம் இருந்த, எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித்துப்பாக்கிகளில் இரண்டைத் தீவின் இளம் தலைவர் தொகிதாகா பெருவிலை கொடுத்து வாங்கி, அதைப் போலவே செய்து தருமாறு தம் கொல்லர்களிடம் கொடுத்தார். வாள் அடிப்பதில் தேர்ந்த அவர்களுக்குக் குழலை உருவாக்குவது பெரிய சிரமமாக இல்லை. குழலின் பின்முனையை அடைக்கும் திருகாணிக்கு மரை போடும் வித்தைதான் பிடிபடவில்லை. அந்த அடைப்பு உறுதியாக இல்லாவிட்டால் வெடிமருந்து சுடுபவரின் முகத்திலேயே வெடிக்கும். மறு ஆண்டு வந்த கப்பலில் இருந்த கொல்லர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டார்கள். அதன்பின் நாடெங்கும் துப்பாக்கி பரவியது. 1575-இல் நாகஷினோ போரில் தகேதா என்ற போர்க்குலத்தின் புகழ்பெற்ற குதிரைப்படை அதற்கு முன் நிற்க முடியாமல் சிதறியது. கோப்பர்னிக்கஸின் கணக்குக்கு நிகராக இந்தத் திருகாணிக்கும் பாடநூலில் ஒரு பத்தி ஒதுக்கலாம் என்பேன்.

நம் முத்துக்குளித்துறையும் இந்தக் கடல்வழியில்தான் இருந்தது. போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிச் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவர்களிடையே, பிரான்சிஸ் சவேரியார் தமிழில் பெயர்க்கப்பட்ட செபங்களை மனப்பாடம் செய்துகொண்டு, கைமணியை ஆட்டியபடி ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் கடிதம் எழுதினார். ஐந்தே ஆண்டுகளில் அவர் ஜப்பானுக்கும் போனார்; அங்கே அவர் கரையிறங்கிய காகோஷிமா, தனெகாஷிமாவுக்குச் சற்று வடக்கே இருக்கிறது.