அரைச் சேவலும் ஒரு பியர் அட்டையும்

(ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய பியர் விடுதி. மாலை ஆறு மணி. நீள மர மேசைகள். இங்கே யாரும் தனி மேசை கேட்பதில்லை; இடுக்கு கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். மியூனிக்கிலிருந்து வந்த இளைஞன் ஒருவன், கையில் ஒரு பட்டியலோடு, உள்ளூர்ப் பாட்டி ஒருத்தியின் எதிரே வந்து நிற்கிறான். நீல ஏப்ரன் கட்டிய பரிமாறுபவரை இந்த ஊரில் கோபெஸ் என்பார்கள். பெயருக்குள் கோபம் இருப்பது தற்செயல். பொருத்தம் மட்டும் அபாரம்.)

இளைஞன்: இங்கே உட்காரலாமா அம்மா?

பாட்டி: உட்கார் தம்பி. பார்த்து, மேசை ஆடும். கிளாஸுக்கு அடியில் வைக்கிற என் பியர் அட்டையை மடித்துக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். உன் அட்டையை இப்படி நடுவில் தள்ளி வை, கோபெஸுக்குக் கை எட்ட வேண்டும்.

(கோபெஸ் வந்து இரண்டு ஒல்லி கிளாஸ்களை வைக்கிறார். இளைஞனின் அட்டையில், கிளாஸுக்கு ஒரு கோடாகப் பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போகிறார்.)

இளைஞன்: நான் எதுவுமே கேட்கவில்லையே?

பாட்டி: உட்கார்ந்தாய் அல்லவா? அதுதான் கேட்டது.

இளைஞன்: இது என்ன, 200 மில்லியா? எங்கள் ஊரில் ஒரு லிட்டர் குவளை. இது வாய் கொப்பளிக்கவே காணாது.

பாட்டி: உன் ஒரு லிட்டர் பாதியிலேயே சூடாகிச் செத்துப்போகும். கோல்ஷ் என்பது நுரை அடங்குவதற்குள் குடிக்க வேண்டிய பியர். எங்கள் பேச்சு வழக்குக்கும் கோல்ஷ் என்றுதான் பெயர். குடிக்கக்கூடிய மொழி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

இளைஞன்: எனக்குக் கொஞ்சம் கறுப்பாக இருந்தால் பிடிக்கும். ஆல்ட் என்று ஒன்று...

பாட்டி: ஸ்ஸ்! மெதுவாகப் பேசு! அது டுசெல்டார்ஃப்காரர்கள் குடிப்பது. நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் எங்களுக்கு வெளிநாடு என்றால் அதுதான். போன மாதம் ஒருவர் இதே மேசையில் ஆல்ட் கேட்டார். கோபெஸ் அவருக்கு டுசெல்டார்ஃப் ரயில் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

இளைஞன்: சரி, ஒரு தண்ணீராவது?

பாட்டி: "சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டுவரட்டுமா?" என்பார். தைரியம் இருந்தால் கேள்.

(இளைஞன் கேட்கவில்லை. கிளாஸைக் காலி செய்கிறான். கீழே வைப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பாட்டிக்கும்.)

இளைஞன்: நான் சைவம் அம்மா. சாப்பிட என்ன கேட்கலாம்? இதோ, "வானமும் பூமியும்" என்று போட்டிருக்கிறது. பெயரே சாத்வீகமாக இருக்கிறது.

பாட்டி: வானம் என்றால் மரத்தில் காய்க்கிற ஆப்பிள், பூமி என்றால் உருளைக்கிழங்கு. இரண்டையும் மசித்திருப்பார்கள்.

இளைஞன்: அருமை! அதையே...

பாட்டி: அதன் தலைமேல் பன்றி ரத்தத்தில் செய்த சாசேஜை வறுத்து வைப்பார்கள்.

இளைஞன்: வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் அது எங்கே வந்தது?

பாட்டி: இந்த ஊரில் பெயரை நம்பிச் சாப்பாடு கேட்கக்கூடாது. "கொலோன் கேவியர்" என்று போட்டிருந்தால் அதுவும் அதே சாசேஜ்தான், வெங்காயம் வைத்து. நீ அரைச் சேவல் கேள்.

இளைஞன்: அம்மா, நான் சைவம்.

பாட்டி: அதனால்தான் சொல்கிறேன். அரைச் சேவல்.

இளைஞன்: அரையோ முழுசோ, சேவல் சேவல்தானே!

பாட்டி: கோபெஸ்! தம்பிக்கு ஓர் அரைச் சேவல்!

(சற்று நேரத்தில் தட்டு வருகிறது: ஒரு கம்பு ரொட்டி, பருமனான கௌடா பாலாடைக்கட்டித் துண்டு, கடுகு விழுது, வட்ட வட்டமாக வெங்காயம். இளைஞன் ரொட்டியைத் தூக்கி அடியில் பார்க்கிறான்.)

இளைஞன்: சேவல் எங்கே?

பாட்டி: சேவல் கிடையாது. பெயர் மட்டும்தான் சேவல். ஏமாந்து ஏமாந்து எங்களுக்குப் பழகிவிட்டது, இப்போது வெளியூர்க்காரர்களை ஏமாற்றுகிறோம். கடுகைத் தாராளமாகத் தடவு. பட்டியலைப் படி, கேட்போம்.

இளைஞன்: முதலாவது, பேராலயக் கோபுரம் ஏறுவது.

பாட்டி: 533 படி. லிஃப்ட் கிடையாது. வழியில் "தடித்த பீட்டர்" என்று 24 டன் மணி ஒன்று தொங்கும், அதைப் பார்க்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். 2011-இல் அதன் நாக்கே அறுந்து விழுந்தது. ஏறி முடித்தால் ஊர் முழுக்கத் தெரியும், ஒன்றைத் தவிர.

இளைஞன்: எது?

பாட்டி: பேராலயம். அதன் மேல்தானே நிற்கிறாய்?

இளைஞன்: அப்படியானால் கீழேயிருந்தே பார்க்கிறேன். ஆமாம், இவ்வளவு பெரிதாக எதற்குக் கட்டினீர்கள்?

பாட்டி: 1164-இல் எங்கள் பேராயர், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானியரின் எலும்புகளை மிலானிலிருந்து கொண்டுவந்தார்.

இளைஞன்: கொண்டுவந்தாரா, தூக்கிக்கொண்டு வந்தாரா?

பாட்டி: அந்த வித்தியாசமெல்லாம் மிலான்காரர்களுக்குத்தான். தங்கப் பேழை செய்தோம். பேழைக்கு ஏற்ற வீடு வேண்டாமா? 1248-இல் அஸ்திவாரம் போட்டோம். 1880-இல் முடித்தோம்.

இளைஞன்: 632 வருஷமா!

பாட்டி: எங்களுக்கு என்ன அவசரம்? நடுவில் 300 வருஷம் வேலையே நடக்கவில்லை. பாதிக் கோபுரத்தின் தலையில் மரத்தாலான கிரேன் ஒன்று அப்படியே நின்றது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதுவும் கோயிலில் சேர்த்தி என்றே நினைத்திருப்பார்கள். கட்டி முடித்தபோது 157 மீட்டர், உலகத்திலேயே உயரமான கட்டடம் எங்களுடையதுதான். நாலே வருஷம். 1884-இல் வாஷிங்டனில் ஒரு தூணை நட்டு அதையும் கெடுத்துவிட்டார்கள்.

இளைஞன்: இன்றைக்கும் ஒரு பக்கம் சாரம் கட்டியிருந்ததே?

பாட்டி: கட்டியேதான் இருக்கும். பேராலய வேலை முடிகிற அன்றைக்கு உலகம் அழியும் என்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பழியை எந்த மேஸ்திரி தலையில் போட்டுக்கொள்வான்?

(கோபெஸ் வருகிறார், வைக்கிறார், கிறுக்குகிறார், போகிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும்.)

இளைஞன்: அடுத்தது, ஓடிகோலோன்.

பாட்டி: கொலோன் தண்ணீர் என்றுதானே அதற்கு அர்த்தம்? இங்கே தண்ணீர் கேட்டால் சோப்பு வேண்டுமா என்பார்கள், அங்கே அதையே பாட்டிலில் ஊற்றிக் காசு வாங்குவார்கள். இத்தாலியிலிருந்து வந்த ஃபரினா குடும்பம் 1709-இல் கடை போட்டது, இன்னும் இருக்கிறது. போய் முகர்ந்து பார். இன்னொரு கம்பெனி, பிரெஞ்சுப் படை வந்த காலத்தில் வீட்டுக்குப் போட்ட கதவிலக்கத்தையே பெயராக வைத்துக்கொண்டது: 4711. என் வீட்டு எண் மூன்று. நான் என்ன விற்பது?

இளைஞன்: சாக்லேட் அருங்காட்சியகம்?

பாட்டி: போ. பேசாமல் போ. சாக்லேட் ஊற்றே இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இளைஞன்: ஹோஹென்ஸோலர்ன் பாலத்தில் காதலர்கள் பூட்டுப் போடுவார்களாமே? நானும் ஒன்று வாங்கி வந்தேன். *(பையிலிருந்து பூட்டை எடுக்கிறான்)*

பாட்டி: அந்தப் பெண் எங்கே?

இளைஞன்: இன்னும் யாரும் இல்லை.

பாட்டி: ஆளே இல்லாமல் பூட்டா? சரி, சாவியை மட்டும் ரைன் ஆற்றில் எறியாதே. பின்னால் தேவைப்படும். ஆனால் பாலத்துக்குக் கட்டாயம் போ. கார் கிடையாது, ரயிலும் நடைபாதையும்தான். பூட்டுகளைப் பார்க்க நிற்காதே, நேரே எதிர்க்கரைக்கு நட. இருட்டுகிற நேரம் திரும்பிப் பார். இரண்டு கோபுரமும், பாலத்தின் வளைவுகளும், ஆற்றில் விளக்கு வெளிச்சமும் ஒரே பார்வையில் விழும். பேராலயத்தின் காலடியில் நின்றால் கழுத்துதான் வலிக்கும்.

இளைஞன்: எதிர்க்கரையில் வேறு என்ன இருக்கிறது?

பாட்டி: அதுவா? அதை நாங்கள் மாறுகண் கரை என்போம். அந்தக் காலத்தில் குதிரைகள் கரையோரமாக நடந்து படகு இழுக்கும். வெயில் அடித்து அதுகளுக்குக் கண் கோணிப்போயிற்று என்று ஒரு கதை. மானமுள்ள கொலோன்காரர் யாரும் அந்தப் பக்கம் குடியிருக்க மாட்டார்.

இளைஞன்: உங்கள் வீடு எந்தப் பக்கம் அம்மா?

பாட்டி: ... கடுகு இன்னும் கொஞ்சம் தடவு தம்பி.

இளைஞன்: அம்மா?

பாட்டி: அந்தப் பக்கம்தான். நாற்பது வருஷமாக. வாடகை குறைவு. சத்தமாகச் சொல்லாதே, கோபெஸுக்குத் தெரியாது.

(கோபெஸ் மறுபடி இரண்டு கிளாஸோடு வருகிறார்.)

இளைஞன்: போதும், போதும்! இவரை எப்படித்தான் நிறுத்துவது?

பாட்டி: சுலபம். அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடு. அவ்வளவுதான், வரமாட்டார்.

இளைஞன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

பாட்டி: நீ பார்க்க வேண்டிய இடங்களைத்தானே கேட்டாய்?

(இளைஞன் கடைசிச் சொட்டையும் குடித்து, கிளாஸை அட்டையால் மூடுகிறான். பிறகு ஏதோ சந்தேகம் வந்து அட்டையைக் கையில் எடுத்து எண்ணுகிறான்.)

இளைஞன்: ஒன்று, இரண்டு... அம்மா, நான் குடித்தது ஆறு. இதில் 11 கோடு இருக்கிறதே?

பாட்டி: 11 எங்கள் ஊர் எண் தம்பி! கார்னிவல் தொடங்குவதே 11-ஆம் மாதம் 11-ஆம் தேதி 11 மணி 11 நிமிஷத்துக்கு. ஊர்ச் சின்னத்தைப் பார், மூன்று கிரீடத்துக்குக் கீழே 11 கறுப்புச் சுடர். உனக்குத் தானாகவே அமைந்திருக்கிறது, பாக்கியசாலி!

இளைஞன்: மீதி ஐந்து யாருடையது?

பாட்டி: என் அட்டைதான் மேசைக்கால் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதே, நான் என்ன செய்வேன்?

(இளைஞன் குனிந்து மேசைக்காலைப் பார்க்கிறான். நிமிர்வதற்குள், அவனுடைய திறந்த கிளாஸ் இருந்த இடத்தில் நுரை ததும்பும் புதுக் கிளாஸ் நிற்கிறது. அவன் கையிலிருந்த அட்டையிலேயே கோபெஸ் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறார்.)

பாட்டி: அடடா, 12 ஆகிவிட்டதே! அதற்கு ராசி கிடையாது. இப்படிக் கொடு தம்பி, இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.