முதலில் சம்பளத்தைப் போடுங்கள், முதலாளி

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஏதாவது ஒரு கடைக் கண்ணாடியில் 'ஜவாத்தான் கோசோங்', அதாவது வேலைக்கு ஆள் தேவை என்ற தாள் ஒட்டாத மாதமே கிடையாது. வயது என்ன, மோட்டார் லைசென்ஸ் இருக்கிறதா, சனி ஞாயிறு வர முடியுமா, எல்லாம் கேட்டிருப்பார்கள். சம்பளம் மட்டும் இருக்காது. 'கவர்ச்சிகரமான சம்பளம்', இல்லாவிட்டால் 'நேரில் பேசிக்கொள்ளலாம்'. நேரில் போனால் பேசுவது முதலாளி, தலையாட்டுவது பையன்.

ரப்பர் தோட்டத்துக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மழை பெய்தால் பால் இல்லை, பேரும் (அன்றைய கூலியும்) இல்லை. நிறுவையில் கை வைத்த கிராணிகளும் (தோட்டக் கணக்கர்களும்) உண்டு. ஆனால் ரேட் என்ன என்பது லயத்துக்கே, தொழிலாளர் குடியிருப்பு முழுவதற்கும், தெரியும். கிலோவுக்கு எவ்வளவு, செம்பனைக் குலைக்கு எவ்வளவு, சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நிற்கிற எல்லாருக்கும் தெரியும். 1941இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம். அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்ததால்தான் அதைக் கேட்க முடிந்தது. அரசாங்கம் பட்டாளத்தை இறக்கியது, முன்னின்ற ஆர்.எச். நாதனை நாடு கடத்தியது. 1930களில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற கணக்கு இருந்தது. அநியாயம்தான், ஆனாலும் பத்துக் காசு குறைவு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இன்று ஒரே கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் அடுத்தவர் சம்பளம் தெரியாது. கேட்டால் 'அதெல்லாம் பேசக்கூடாது' என்று மேனேஜர் முறைப்பார்.

சரி, கணக்குக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 2025 பிப்ரவரியில் ஐந்து பேர், அதற்கு மேல் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து மற்றவர்களுக்கும். இது அடிப்படைச் சம்பளம். அலவன்ஸ், ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) எல்லாவற்றையும் கூட்டி 1,700 காட்டுவது செல்லாது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், 2023லிருந்து. இப்போது நம் ஊர்க் கடைகளைப் பாருங்கள். காலை பத்து மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் கடையில், ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக, பதினொரு மணி நேர வேலை. எட்டு மணி நேரத்தைச் சாதாரணம் என்றே வைத்தாலும் தினம் மூன்று மணி நேரம் கூடுதல். 1,700ஐ 26 நாளுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் பிரித்தால் மணிக்கு 8.17 வெள்ளி, ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. தினம் மூன்று மணி நேரம், 26 நாளுக்குப் பெருக்கினால் ஓ.டி. மட்டுமே 950 வெள்ளிக்கு மேல் வருகிறது. 'மாதம் 1,800, சாப்பாடு இலவசம்' என்று கேட்டு மகிழ்ந்து வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யார் போட்டுக் காட்டுவது? விளம்பரத்திலேயே அடிப்படை இவ்வளவு, நேரம் இவ்வளவு, ஓ.டி. தனி என்று இருந்தால் அந்தப் பிள்ளையே கணக்கைப் போட்டுக்கொள்ளும்.

இதில் ஈப்போவுக்குப் போகிற பிள்ளைகள் பாடு தனி. பெட்ரோல் போட்டு, சான்றிதழ்களை போட்டோஸ்டாட் எடுத்து, இருக்கிற வேலைக்கு லீவு போட்டு நேர்காணலுக்குப் போனால் முதலில் கேட்பது பழைய பே ஸ்லிப்பை. 1,700 வாங்கியவனுக்கு 1,850 கொடுத்தால் போதும் என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. வேலைக்கு என்ன மதிப்பு என்ற பேச்சே எழவில்லை. சின்ன ஊரில் குறைவாக வாங்கியவன் பெரிய ஊருக்குப் போனாலும் அந்தக் குறை கூடவே வருகிறது.

முதலாளிகள் சொல்லும் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். போட்டால் எதிர்க்கடைக்காரன் நூறு வெள்ளி கூட்டி ஆளை இழுத்துக்கொள்வான் என்பது ஒன்று. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, சின்னக் கடைக்காரருக்கு அது நிஜமான தலைவலி. ஆனால் இன்னொன்று சொல்வார்கள் பாருங்கள்: 'புது ஆளுக்கு இவ்வளவு என்று போட்டால் பழைய ஆள் சண்டைக்கு வருவான்.' பத்து வருஷமாக இருப்பவர் நேற்று வருபவரைவிடக் குறைவாக வாங்குகிறார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. நம்மாட்கள் கடையிலேயே இப்படி என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

வெளிநாட்டில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பரிலிருந்து விளம்பரத்தில் சம்பள வரம்பு போட வேண்டும். ஆரம்பத்தில் சில நிறுவனங்கள் யானை புகுகிற அளவுக்கு வரம்பைப் போட்டு ஏமாற்றப் பார்த்தன, அதையும் மக்கள் விடவில்லை, கிண்டலடித்தே நாறடித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதியில் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் 7 வரை கெடு.

நாம் அதுவரைக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யார் வேலை விளம்பரம் போட்டாலும் 'அடிப்படை எவ்வளவு, எத்தனை மணி நேரம்' என்று கீழே கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சிலர் உடனே போடுகிறார்கள். சிலர் 'பி.எம். பண்ணுங்கள்', தனியாக மெசேஜ் அனுப்புங்கள், என்கிறார்கள், நாங்கள் மறுபடியும் அங்கேயே கேட்கிறோம். ஒரு முதலாளி கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். அவர் கடையில் இன்னும் ஆள் தேடுகிறார்களாம்.