எம்.ஜி.ஆர். காங்கிரசில் இருந்தவர்தான்

'பிறந்தது முதல் திராவிட இயக்கம்தான், எம்.ஜி.ஆர். காங்கிரசில் இருந்திருந்தால் மதுரையின் கதையே வேறு' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. கற்பனை செய்வது உங்கள் உரிமை. ஆனால் அது நிற்கும் அடித்தளமே பிழையானது. 1953இல் தி.மு.க.வில் சேரும்வரை அவர் காங்கிரஸ்காரர், கதர் உடுத்தியவர். 'இருந்திருந்தால்' அல்ல, 'விலகாமல் இருந்திருந்தால்' என்றே கேட்க வேண்டும்.

விலகாதிருந்தால் 1972 அக்டோபர் 17இல் அ.தி.மு.க. பிறந்திருக்காது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லில், 1973 இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் வென்றிருக்க முடியாது. அந்தத் தேர்தலில் இரண்டாம் இடம் பிடித்தது காமராசரின் பழைய காங்கிரஸ் என்பதை மறந்துவிடாதீர்கள். கற்பனைக்கு உண்மையிலேயே தீனி கிடைக்கும் இடம் அதுதான்.

'காங்கிரசும் அவரும் எந்நாளும் எதிரெதிர்' என்று நீங்கள் எழுதியதும் சரியல்ல. 1980இல் எதிரிகள், உண்மை. பிப்ரவரியில் இந்திரா காந்தி அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் தி.மு.க., இந்திரா காங்கிரஸ் கூட்டணியை எதிர்த்து மதுரை மேற்கில் நின்று வென்றார். ஆனால் 1977 நாடாளுமன்றத் தேர்தலிலும் 1984இலும் இரு கட்சியும் ஒரே அணி. 1984இல் அவர் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அப்போது எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் இரட்டை இலையும் கையும் அருகருகே வரையப்பட்டிருந்தன. பச்சைச் சாயம் வழிந்து கையின் விரல்மேல் இறங்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். உங்கள் பதிவின் முதல் வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். இளைய பிள்ளைகள் அதை வரலாறு என்றே படிக்கிறார்கள்.