லாபம் உறுதி என்றால் அவர்கள் காசில் கட்டட்டும்

இல்லை, நம் அணியின் புது விளையாட்டு அரங்கத்துக்கு ஊர்ப் பணம் கொடுப்பது பற்றி நடந்த கூட்டத்தைக் குறித்துச் செவ்வாய்க்கிழமை போட்ட பதிவை நான் நீக்கப்போவதில்லை. இன்பாக்ஸில் அன்பாகவும், அவ்வளவு அன்பில்லாமலும் கேட்டுக்கொண்ட எல்லோருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் நேரலையில் பார்த்தீர்கள். பேசுவோர் பட்டியலின் முதல் பக்கம் முழுக்க ஒரே நிற டி-ஷர்ட் போட்ட அரங்க ஆதரவாளர்கள். எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து ஒரே வாக்கியத்தை வாசித்தார்கள். எங்கள் முறை வந்தபோது, "நேரமாகிவிட்டது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். அதைப் பற்றி நான் எழுதியது மொத்தமே நாலு வரி. அந்த நாலு வரிக்குத்தான் 'வளர்ச்சிக்கு எதிரி', 'வயிற்றெரிச்சல்', 'விளையாட்டே தெரியாத ஆள்' என்று இத்தனை பட்டங்கள்.

மறுபடியும் சொல்கிறேன், மெதுவாகவே சொல்கிறேன். நான் அரங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரங்கத்தைச் சுற்றி வரப்போகும் ஓட்டல், கடைகள், அலுவலகக் கட்டடங்கள், அடுக்குமாடிகள் எல்லாம் லாபத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டப்போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். சந்தோஷம். அவ்வளவு உறுதியான லாபம் என்றால் அணியின் உரிமையாளர்கள் தங்கள் காசிலேயே கட்டட்டும். அதற்கு ஊர் ஏன் கடன் வாங்க வேண்டும்? இது ஒன்றுதான் என் கேள்வி. இதற்கு மட்டும் இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டார்கள், என் குணம் உட்பட.

"பொதுப்பணம் ஒரு பைசா கூட இல்லை, அந்தத் திட்டமே தன் கடனை அடைத்துக்கொள்ளும்" என்று ஒருவர் விளக்கம் எழுதியிருக்கிறார். நூற்றுக்கணக்கில் லைக். அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்குள் இன்றைக்கு என்ன சொத்து வரி வருகிறதோ அதை அப்படியே உறைய வைப்பார்கள். இனி வரும் இருபது முப்பது வருடங்களுக்கு அங்கே வரி எவ்வளவு கூடினாலும், கூடின பங்கு ஊர்ப் பொதுக் கணக்குக்கு வராது. திட்டத்தின் கடனை அடைக்கப் போகும். நடுவில் தீயணைப்புச் செலவு கூடும், சாலைச் செலவு கூடும், போலீஸ் செலவு கூடும். அதெல்லாம் கோட்டுக்கு வெளியே இருக்கிற நம் தலையில். அங்கே அரங்கமே வராவிட்டாலும் நிலத்தின் விலை கொஞ்சமாவது ஏறியிருக்குமே, அந்த வரியும் போய்விடும். வர வேண்டிய பணம் வராமல் போனால் அது செலவில்லையாம். வீட்டு வாடகையை வாங்காமல் விட்டுக்கொடுத்துவிட்டு 'என் கையிலிருந்து எதுவும் போகவில்லை' என்று யாராவது சொல்வார்களா?

பொருளாதார வல்லுநர்கள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் என்று கேலி செய்வோம். இந்த ஒரு விஷயத்தில் அதிசயமாக ஒத்துப்போகிறார்கள். 2017-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வல்லுநர் குழுவிடம் கேட்டபோது, அரங்கங்களுக்குக் கொடுக்கும் மானியத்தால் வரி கட்டுவோருக்கு வரவை விடச் செலவுதான் அதிகம் என்பதை எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பாலிஸ்ட் இருவரும் 1997-லேயே இதைத்தான் சொன்னார்கள். காரணம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணம் ஒரு அளவுதான். அது அரங்கத்துக்குப் போனால், இதுவரை போய்க்கொண்டிருந்த தியேட்டருக்கோ உணவகத்துக்கோ போகாது. ஊருக்குள்ளேயே இடம் மாறுகிற காசை எடுத்து 'புது வருமானம்' என்று எழுதிக் காட்டுகிறார்கள்.

சரி, ஆய்வெல்லாம் வேண்டாம், நடந்ததைப் பார்ப்போம்.

டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் திவால் மனு போட்டது. அடுத்த ஒரு வாரத்துக்குள் புது ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கான கடன் பத்திரங்களுக்கு மாநிலம் பச்சைக்கொடி காட்டியது. அரங்கத்தின் செலவு சுமார் 86 கோடி டாலர். அதில் பொதுப்பணம் 32.4 கோடி. பள்ளிகளுக்குப் போக வேண்டிய சொத்து வரியும் அதில் உண்டு. அந்தக் குறையை மாநிலம் ஈடுகட்டியது என்பார்கள். மாநிலத்தின் பணம் வானத்திலிருந்தா விழுகிறது? கூடவே ஐம்பது தெருத் தொகுதிகளில் ஐந்து புதுக் குடியிருப்புப் பகுதிகள் வரும் என்று 2014-ல் அறிவித்தார்கள். அரங்கம் 2017-ல் சொன்ன நேரத்துக்குத் திறந்தது. குடியிருப்புகள்? பல வருடங்கள் கழித்தும் அங்கே போனவர்கள் பார்த்தது பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்களைத்தான்.

நியூயார்க்கின் புரூக்ளின் கதை எனக்கு இன்னும் ஆறவில்லை. 2003-ல் அறிவித்தார்கள். 2006-ல் ஒப்புதல் கிடைத்த திட்டத்தில் கூடைப்பந்து அரங்கம், அதைச் சுற்றி 6,430 வீடுகள், அதில் 2,250 வீடுகள் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு. "வீடும் வேலையும்" என்று முழங்கித்தான் எதிர்ப்பை அடக்கினார்கள். அங்கே காலங்காலமாகக் குடியிருந்தவர்களின் இடத்தை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்திக் கொடுத்தது. அரங்கம் 2012-ல் ஜொலிஜொலிப்பாகத் திறந்தது. அந்த மலிவு வீடுகளுக்குக் கெடு 2025 மே. கெடு வந்தது, போனது. சுமார் 875 வீடுகள் இன்னும் கட்டவேயில்லை. இதில் கூத்து என்னவென்றால், கட்டாத ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 2,000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியே இருக்கிறது. போராடி எழுத வைத்தார்கள். கெடு முடிந்ததும், திட்டத்தைக் கண்காணிக்கும் மாநில வளர்ச்சி நிறுவனம் அந்த அபராதத்தை வசூலிக்கவில்லை. வசூலித்தால் திட்டம் முடங்கிவிடுமாம். ஒரு மாதம் தவணை தாண்டினால் என்னிடம் இப்படி யாரும் இரக்கம் காட்டியதாக நினைவில்லை.

செயின்ட் லூயிஸில் பழைய பேஸ்பால் மைதானத்தை இடித்த இடத்தில் ஒரு கிராமமே எழும் என்றார்கள். புது மைதானம் 2006-ல் வந்துவிட்டது, 'கிராமத்தின்' முதல் கட்டம் 2014-ல். நடுவில் எட்டு வருடம்.

எல்லா ஊரிலும் இதே வரிசைதான். அரங்கம் மட்டும் குறித்த நேரத்துக்கு வரும், மற்றதெல்லாம் 'அடுத்த கட்டம்'.

கூட்ட அரங்கின் வாசலில் வைத்திருந்த அந்தப் பெரிய படங்களைப் பார்த்தீர்களா? நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் சாயங்கால வெயில். நேற்று நட்ட மரமெல்லாம் இருபது வயது மரமாக நிற்கிறது. கையில் பலூனோடு ஒரு குழந்தை. அதே குழந்தை, அதே பலூன், மூன்றாவது படத்திலும் இருக்கிறது, சட்டை நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சாலையில் ஒரே ஒரு கார். ஆட்டம் முடிந்த இரவில் ஒரே ஒரு கார்! வலது மூலையில், குனிந்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், 'விளக்கப் படம் மட்டுமே. மாறுதலுக்கு உட்பட்டது' என்று போட்டிருக்கிறது. அந்த முழுத் திட்டத்திலும் நான் நம்பத் தயாராக இருக்கிற ஒரே வாக்கியம் அதுதான்.

எனக்கு இந்தப் படங்கள் மேல் ஒரு தனி எரிச்சல் உண்டு. நாங்கள் வீடு வாங்கியபோதும் இப்படித்தான் ஒரு படம் காட்டினார்கள். நீச்சல் குளம், நூலகம், பெரியவர்கள் நடக்கத் தனிப் பாதை, எல்லாம் இரண்டாம் கட்டத்தில். அப்பா அந்தப் பாதையைப் பார்த்துத்தான் சரி என்றார். முழங்கால் வலிக்காரர், சாலையைக் கடக்கப் பயம். இரண்டாம் கட்டம் வரவே இல்லை. கேட்டால் சந்தை நிலவரம் சரியில்லை என்றார்கள். அந்த இடத்தில் இன்றைக்கும் தகர வேலி. அப்பா அவருடைய கடைசி வருடங்களில் வாகனங்கள் நிற்கும் தரைத்தளத்தில், தூண்களுக்கு நடுவே நடந்தார். அது எங்கள் சொந்தப் பணம், நாங்கள் ஏமாந்தோம், போகட்டும். இங்கே ஊர்ப் பணம். வேலி ஊருக்கு நடுவில் வரும்.

இனி ஆட்சேபணைகள். "அட்லாண்டாவைப் பாருங்கள்" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன். அட்லாண்டா பேஸ்பால் மைதானத்தைச் சுற்றி வந்த அந்த வட்டாரம் நன்றாகவே இருக்கிறது, கூட்டமும் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். மைதானம் இருக்கிற காப் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அதற்குச் சுமார் 30 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கியது. பொருளாதாரப் பேராசிரியர் ஜே.சி. பிராட்பரி கணக்குப் போட்டுப் பார்த்து, வந்ததைக் கழித்த பிறகும் கவுண்டிக்கு வருடா வருடம் நட்டம்தான் என்கிறார். அப்புறம், 2013 நவம்பரில் திட்டம் வெளியே தெரிந்து இரண்டே வாரத்தில் கவுண்டி ஆணையர்கள் தங்களுக்குள் ஓட்டெடுப்பை முடித்துவிட்டார்கள் அங்கே. 2014 மே கூட்டத்தில் பேசுவதற்கு இருந்ததே பன்னிரண்டு இடம். பன்னிரண்டையும் ஆதரவாளர்கள் முன்கூட்டியே வந்து பிடித்துக்கொண்டார்கள். பேச முயன்ற எதிர்ப்பாளர்களைப் போலீஸ் வெளியே கொண்டுபோய் விட்டது. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

"மானியம் இல்லாமல் இதெல்லாம் நடக்காது." நடக்கும். சான் பிரான்சிஸ்கோவில் 2019-ல் திறந்த சேஸ் சென்டர் என்ற கூடைப்பந்து அரங்கத்தை அணியின் உரிமையாளர்கள் தனியார் பணத்திலேயே கட்டினார்கள். பக்கத்திலேயே அலுவலகக் கோபுரங்களும் கடைகளும் வந்தன. அங்கே லாபம் நிச்சயம் என்று நம்பினார்கள், சொந்தக் காசைப் போட்டார்கள். இங்கே ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்? லாபத்தில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லையா, இல்லை நாம் கொடுத்துவிடுவோம் என்ற நம்பிக்கையா?

"வேலைவாய்ப்பு." ஆட்ட நாளில் சில மணி நேரம் கிடைக்கிற வேலை. வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டி இவ்வளவு கடன் கேட்காதீர்கள்.

"அணி ஊரை விட்டுப் போய்விடும்." இது வலிக்கிற வாதம், தெரிந்துதான் வைக்கிறார்கள். சான் டியேகோ மக்கள் புது அரங்கத்துக்குப் பொதுப்பணம் தர 2016-ல் ஓட்டுப்போட்டு மறுத்தார்கள், 2017 ஜனவரியில் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போவதாக அறிவித்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அங்கே இருந்த அணி. அழுதவர்கள் இருந்தார்கள். நானும் அழுதிருப்பேன். ஆனால் என் பாசத்தைக் காட்டி என்னிடமே பணம் பறிப்பதற்கு 'ஊர்ப்பற்று' என்று பெயர் வைக்காதீர்கள்.

கடைசியாக அந்த கமெண்ட். நம் குழுவிலேயே இருக்கிற, என் வீட்டில் சாப்பிட்ட ஒருவர், "வந்த இடத்தில் இருக்கிறதை அனுபவிச்சிட்டுப் போங்க, இந்த டீமைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்" என்று எழுதியிருக்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை, அவர் வாசிப்பார். அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களையும் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும் என்றா? மேல் அடுக்கின் கடைசி வரிசையில், ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரித் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, தோற்ற சீசன் முழுக்க தொண்டை கட்டக் கத்தியது தெரியும். நீங்கள் அப்போதெல்லாம் வீட்டில் டிவியை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். வரி கட்டும்போது நான் எங்கிருந்து வந்தேன் என்று எந்தப் படிவமும் என்னைத் தடுத்ததில்லை. கடன் பத்திரம் முப்பது வருடத்துக்கு என் பிள்ளையின் தலையிலும் ஏறும்போது அவள் இந்த ஊர்க்காரிதான். கேள்வி கேட்க வாயைத் திறந்தால் மட்டும் நான் வந்தவன். இத்தனைக்கும் இதைச் சொன்னவர் என்னோடு அதே விமானத்தில் வராத குறைதான்.

போகட்டும். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு நிறுத்துகிறேன். ஒப்பந்தத்தின் வரைவில் 'குடியிருப்புக் கட்டுமான அட்டவணை' என்று ஓர் இணைப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். இணையத்தில் ஏற்றிய கோப்பில் அந்தப் பக்கங்கள் இல்லை. எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கெடு தேதி இருக்கிறதா, அபராதம் இருக்கிறதா, அதை வசூலிப்பது யார் பொறுப்பு, அல்லது எல்லா வாக்கியமும் 'இயன்றவரை முயற்சி செய்யப்படும்' என்றுதான் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் பேசுவோர் பதிவு இரண்டு நாள் முன்பே திறக்கிறதாம். வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.