"ஃபோட்டோ எப்ப வரும்?"னு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க

ஹாக்கி மேட்ச்ல கடைசி விசில் ஊதி அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. கால்ல கட்டின ஷின் கார்டைக் கூட அவுத்திருக்க மாட்டானுங்க. அதுக்குள்ள டீம் வாட்ஸ்அப் குரூப்ல "அண்ணே, ஃபோட்டோ?"ன்னு ஒருத்தன். "மச்சான், ரெண்டாவது கோல் எடுத்தேல்ல, அனுப்பு"ன்னு இன்னொருத்தன். வீட்டுக்குள்ள காலை வச்சா, "புள்ள ஆடினதை எடுத்தீங்களா, காட்டுங்க." எதைக் காட்டுறது? நான் எடுக்கிறது ஃபிலிம்ல. ஃபிலிம் கேமராவுக்குப் பின்னாடி திரை கிடையாதுங்க. கதவுதான் இருக்கு. ஆர்வக்கோளாறுல அதைத் திறந்து பாக்குற பிள்ளைங்களும் உண்டு. திறந்த உடனே மூடிட்டா கேட்ரிட்ஜுக்குள்ள, அதாவது ஃபிலிம் சுத்தி வர்ற டப்பாவுக்குள்ள இருக்கிற, இன்னும் எடுக்காத வெறும் ஃபிலிம் பத்திரமா இருக்கும். எடுத்து முடிச்சு எதிர்ப்பக்கச் சுருள்ல ஏறினதுதான் வெந்து போகும். மேல் சுத்து ஃப்ரேம்கள் (ஒரு ஃப்ரேம்னா ஒரு படம்) முழுசா காலி, உள்சுத்துல ஓரம் மட்டும் தீஞ்சு ஏதோ நாலு தப்பிக்கலாம். வயித்தெரிச்சலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு யாராலயும் பண்ண முடியாது.

லேட்டாகுதுன்னா சோம்பேறித்தனம்னே முடிவு பண்ணிடுறாங்க. சரி, நேரம் எங்கதான் போகுதுன்னு பாத்துடுவோம்.

ஒரு ரோலுக்கு 36 ஃப்ரேம். முழு மேட்ச்னா 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். குவார்ட்டருக்கு 9 ஃப்ரேம். களத்துல இருக்கிற உங்க 11 பேருக்கு ஆளுக்கு ஒண்ணு கூட வராது. ஃபோன்ல விரலை வச்சு அழுத்திப் பிடிச்சுப் பழகினவங்களுக்கு இது மண்டையில ஏறவே ஏறாது. நிக்கான் எஃப்எம்2 கேமராவுல, ஃபிலிமைத் தானா நகத்துற எம்டி-12 மோட்டார் டிரைவை மாட்டினாலும் செகண்டுக்கு 3.2 ஃப்ரேம்தான், அப்படி அடிச்சா 12 செகண்டுக்குள்ள ரோல் காலி. மோட்டார் இல்லாதவங்க கட்டைவிரலால லீவரை இழுக்கணும். இழுக்கிற அந்த நேரத்துலதான் கோல் விழும், வேற எப்பவும் விழாது.

இன்னொண்ணு. எஸ்எல்ஆர்ல, அதாவது உள்ள கண்ணாடி வச்சு லென்ஸ் வழியாவே பாக்குற கேமராவுல, ஷட்டர் திறக்கிற கணத்துல அந்தக் கண்ணாடி மேல தூக்கிக்கும், கண்ணை வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் இருட்டாயிடும். அதனால பந்து மட்டையில பட்டதைக் கண்ணால பாத்துட்டீங்கன்னா அந்த ஃப்ரேம்ல அது இல்லைன்னு அர்த்தம். முன்கூட்டியே அழுத்தணும். முன்கூட்டியே அழுத்தினா பாதி வீணாகும். அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் 36.

அடுத்தது வெளிச்சம். வேலைக்குப் போறவங்க ஆடுற ஹாக்கி பகல்லயா நடக்குது? பொழுது சாஞ்சப்புறம், ரெண்டு மூணு கம்பத்து விளக்குல நடக்குது. அந்த மாதிரி கிரவுண்டுல 400 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை வாங்குற வேகம்) ஃபிலிமை 400-லயே வச்சா, லென்ஸை எஃப்/2.8-க்கு அகலமாத் திறந்தும் ஷட்டருக்கு 1/125 செகண்ட் கிடைச்சாலே பெரிசு. மணிக்கு 100 கிலோமீட்டர்ல போற பந்து 1/125-க்குள்ள 22 சென்டிமீட்டர் நகந்துடும். பந்தோட விட்டமே 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். படத்துல பந்துக்குப் பதிலா ஒரு வெள்ளைக் கோடு விழும். 1/500 வச்சா நகர்வு அஞ்சரை சென்டிமீட்டர், அப்பதான் பந்துன்னு அடையாளம் தெரியும். அந்த 1/500-க்காகத்தான் 400 ஃபிலிமை 1600-னு வச்சு எடுத்து, டெவலப் பண்றப்போ (மருந்துல கழுவிப் படத்தை வரவைக்கிறப்போ) ரெண்டு ஸ்டாப் புஷ் பண்றோம், அதாவது நாலு மடங்கு வெளிச்சக் குறைவை ஈடுகட்டக் கூடுதல் நேரம் கழுவுறோம்.

லென்ஸை எஃப்/2.8-க்குத் திறந்துட்டா ஃபோகஸும் கழுத்தைப் பிடிக்கும். 200 மில்லிமீட்டர் லென்ஸ்ல 15 மீட்டர் தள்ளி நிக்கிற ஆளைப் பிடிச்சா தெளிவா இருக்கிற ஆழம் சுமார் 1 மீட்டர். ஆள் ஒரு எட்டு முன்னால வச்சா போச்சு. 135 லென்ஸா இருந்தா 2 மீட்டர், கொஞ்சம் மூச்சு விடலாம். கையால ஃபோகஸ் பண்றவங்களுக்கு 135-தான் சரி, பெரிய லென்ஸ் பந்தாவெல்லாம் வேண்டாம்.

வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை நம்பினாலும் கவிழ்த்துடும். ஃப்ரேமுக்குள்ள ஃப்ளட்லைட் ஒண்ணு வந்தாலே "அடேங்கப்பா, எவ்வளவு வெளிச்சம்"னு குறைச்சுக் காட்டும், ஆள் கரிக்கட்டையா வருவான். விளக்கெரியுற புல்தரையைப் பாத்து மீட்டர் எடுத்து, அதை அப்படியே மேனுவல்ல வச்சுட்டு, அப்புறம் மீட்டர் முள்ளையே பாக்கக் கூடாது.

இப்ப வீட்டு விஷயத்துக்கு வர்றேன். கொதிக்கிறது இங்கதான்.

மேட்ச் முடியறப்போ ரோல்ல ஒரு 10 ஃப்ரேம் மிச்சம்னு வைங்க. "அதான் மிச்சம் இருக்கே, நாளைக்கு எல்லாரையும் நிக்க வச்சு எடுத்துடுங்க, வீணாக்காதீங்க." சிக்கனமாம். ரோல் முழுசுக்கும் ஒரே டெவலப்பர் (கழுவுற மருந்து), ஒரே நேரம். 1600-னு எடுத்த ரோலை 1600-க்குத்தான் கழுவ முடியும். அதே ரோல்ல உச்சி வெயில்ல குடும்பத்தை நிக்க வச்சா, புஷ் பண்ணினதுல கான்ட்ராஸ்ட் ஏறி, கண்ணு இருக்கிற இடம் ரெண்டு கறுப்புக் குழியாவும் வெள்ளைச் சட்டை சுண்ணாம்புப் பட்டையாவும் வரும். அப்புறம் "என்னை ஏன் இப்படி எடுத்தீங்க"ன்னு வேற கேள்வி. சரி, நிழல்ல எடுக்கலாம்னு ஒத்துக்கிட்டா எல்லாரும் ஒரே நேரத்துல வீட்டுல இருக்க ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் மேட்ச் ஃபோட்டோ கேமராவுக்குள்ளயேதான் கிடக்கும். குடும்பமே ரோலை முடிக்க விடாம வச்சுக்கிட்டு, அதே குடும்பம் "எப்ப வரும்?"னு கேக்குது!

இதுக்கு வழி இருக்கு. மிச்சம் இருக்கிற ஃப்ரேமை வெறுமனே விட்டுட்டு ரீவைண்ட் பண்ணிடுங்க, போனா போகுது. இல்லன்னா மொத்தமா வாங்கின ஃபிலிம்ல பழைய கேட்ரிட்ஜ்ல 20 ஃப்ரேம் ரோலா சுத்தி வச்சுக்கிட்டு மேட்சுக்கு அதை மட்டும் போடுங்க. பாதியில ஃபிலிமை மாத்தித்தான் ஆகணும்னா எத்தனையாவது ஃப்ரேம்னு நம்பரை எழுதி வச்சுட்டு, நுனி வெளியில நிக்கிற அளவுக்கு மட்டும் ரீவைண்ட் பண்ணி எடுக்கணும். திரும்பப் போடும்போது லென்ஸ் மூடியோட, வேகமான ஷட்டர்ல, எஃப்/22-ல வெறுமனே அழுத்திக்கிட்டே எழுதின நம்பரைத் தாண்டி ரெண்டு ஃப்ரேம் வரைக்கும் போகணும். ஆனா அதுலயும் 1600-ஐயும் 400-ஐயும் கலக்க முடியாது, அந்த விதி மாறாது.

லோட் பண்றப்போ யாரும் பேச்சுக் கொடுக்காதீங்க. ரீவைண்ட் கைப்பிடியை மெதுவாச் சுத்தித் தளர்வை இறுக்கணும். அப்புறம் லீவரை இழுக்கும்போது அந்தக் கைப்பிடியும் கூடவே சுத்துதான்னு பாக்கணும். சுத்தலைன்னா ஃபிலிம் எதிர்ச் சுருள்ல மாட்டல. எண் மட்டும் 36, 38, 40-னு ஏறிக்கிட்டே போகும், ரோல் ஆடாம அசையாம இருந்த இடத்துலயே இருக்கும். அப்படிப்பட்ட மேட்சுக்கு ஃபோட்டோ எப்பவும் வராது.

அப்புறம் குளியலறை, ஃபிலிமைக் கழுவுற இடம். ஃபிலிமை ரீல்ல (சுருளா ஏத்துற சக்கரம்) ஏத்தி, வெளிச்சம் புகாத டேங்குல வச்சு மூடுற வரைக்கும்தான் கும்மிருட்டு வேணும். அந்த அஞ்சு பத்து நிமிஷத்துலதான் வீட்டுல அத்தனை பேருக்கும் அவசரம் வரும். தட்டுறது பரவாயில்ல, வெளியில இருக்கிற சுவிட்சைப் போட்டு "உள்ள யாரு?"ன்னு கேக்குறாங்க பாருங்க! கையை மட்டும் உள்ள விட்டு வேலை பாக்குற, வெளிச்சம் புகாத கறுப்பு மாத்துப்பை ஒண்ணு வாங்கிடுங்க, கட்டில்ல உக்காந்தே ஏத்தலாம். ஆனா பைக்குள்ள கை வேர்த்து ஈரம் ஏறினா பிளாஸ்டிக் ரீல்ல ஃபிலிம் பாதியில ஒட்டிக்கும். ஒட்டினதை வம்படியாத் தள்ளினா மடிஞ்சு, பிறை மாதிரி கறுப்புத் தழும்பு ஃப்ரேம் நடுவுல விழும். ரீல் எலும்பா காஞ்சிருக்கணும். சிக்கிட்டா ஃபிலிமையும் ரீலையும் டேங்குக்குள்ள போட்டு மூடிட்டு, கையை வெளியில எடுத்துத் துடைச்சு ஆறவிட்டு, அப்புறம் மறுபடி ஏத்துங்க.

டேங்க் மூடியாச்சுன்னா விளக்குப் போட்டுக்கலாம். எச்பி5 பிளஸ்ங்கிற கறுப்பு வெள்ளை ஃபிலிமை 1600-க்கு ஐடி-11 டெவலப்பர் ஸ்டாக்ல (மேல தண்ணி சேர்க்காம) கழுவ 20 டிகிரில 14 நிமிஷம். அதே ஃபிலிம் 400-ன்னா ஏழரை நிமிஷம். ஒரு ரீலுக்குச் சுமார் 300 மில்லி. முதல் 10 செகண்ட்ல நாலு தடவை கவிழ்க்கணும், அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் ஆரம்பத்துல அதே நாலு தடவை. கவிழ்த்ததும் டேங்கை ஒரு தட்டுத் தட்டணும், இல்லன்னா காத்துக் குமிழி ஒட்டி வட்டவட்டமாப் புள்ளி விழும். இந்த 14 நிமிஷத்துல ஃபோனை எடுக்க முடியாது, காலிங் பெல்லுக்குப் போக முடியாது, கேஸை அணைக்கவும் முடியாது. ரெண்டு நிமிஷம் கவிழ்க்காம விட்டா டெவலப்பிங் ஒரே சீரா இருக்காது, வானத்துல திட்டுத்திட்டாத் தெரியும். குழாய்த் தண்ணி சூடா இருந்தா டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணிப் பாத்திரத்துல நிறுத்தி இறக்கணும். 24 டிகிரிதான் கிடைக்குதுன்னா 14 நிமிஷம் ஏறக்குறைய 10 ஆயிடும். அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ கொண்டு போனா சீராக் கழுவவே முடியாது.

அதுக்கப்புறம் டெவலப்பிங்கை நிறுத்துற ஸ்டாப் பாத் 10 செகண்ட், படத்தை நிலைக்க வைக்கிற ரேபிட் ஃபிக்ஸர் 1+4-ல (மருந்து ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு) மூணுலேருந்து அஞ்சு நிமிஷம். ஃபிக்ஸர் செத்திருக்கான்னு தெரியணும்னா கத்தரிச்ச ஃபிலிம் நுனியைப் போட்டுப் பாருங்க. புதுசுல தெளிய எடுத்த நேரத்தைவிட ரெண்டு மடங்கு எடுத்தா கொட்டிடணும். இங்க ஒண்ணு கோபமாவே சொல்லிடுறேன். இந்த மருந்தெல்லாத்தையும் குடிதண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிறவங்களை என்ன சொல்லித் திட்டுறது? பாக்கத் தண்ணி மாதிரியேதான் இருக்கும். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு, ஆடிட்டு வந்து தாகத்துல கையில கிடைச்சதை எடுத்துக் குடிக்கிறவங்க இருக்காங்க. பாட்டிலே வேற ஜாதியா இருக்கணும், பேரும் தேதியும் ஒட்டியிருக்கணும், பூட்டுற அலமாரியில இருக்கணும்.

தண்ணியில அலசி, தண்ணி திட்டா நிக்காம வழிய வைக்கிற வெட்டிங் ஏஜென்ட் 1+200-ல முக்கி, கிளிப் போட்டுத் தொங்கவிடணும். கொஞ்சம் கூட ஊத்தினா நல்லாக் காயும்னு ஊத்தாதீங்க, காஞ்சப்புறம் படலம் மாதிரி நிக்கும். காய ரெண்டு மூணு மணி நேரம். அந்த ரெண்டு மூணு மணி நேரமும் குளியலறைக்குள்ள துண்டை உதறக் கூடாது, ஃபேன் போடக் கூடாது. சொன்னா கேக்குறாங்களா? "ஒரு படத்துக்காக வீட்டையே மூடி வைக்கணுமா?" வேண்டாம்மா. உதறுங்க. ஈரமா இருக்கும்போது ஒட்டுற பஞ்சு காஞ்சா ஃபிலிம் மேல இருக்கிற எமல்ஷன் பூச்சோட சேந்துடும், துடைச்சாலும் போகாது.

இனிமேதான் ஸ்கேன். கலர் நெகட்டிவுக்கு ஸ்கேனர்ல இன்ஃப்ராரெட் வச்சுத் தூசியைத் தானா அழிக்கிற வசதி உண்டு. வெள்ளி இருக்கிற கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல அது வேலை செய்யாது, வெள்ளியே அந்தக் கதிரை மறைச்சுடும். ஒவ்வொரு தூசியா கையால எடுக்கணும், 36 ஃப்ரேமுக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் அனுப்பினா வர்ற பதில்: "ஏன் பிளாக் அண்ட் ஒயிட்?" கலர் ஃபிலிம்ல 800-க்கு மேல வேகமாக் கிடைக்கிறது அபூர்வம். அதையும் ஒரு ஸ்டாப் புஷ் பண்ணணும். கலருக்கு டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிஷம் 15 செகண்ட், கால் டிகிரி கூட நகரக் கூடாது, புஷ்னா அதுக்கு மேல கொஞ்சம். லேப்ல கொடுத்தா கவர் மேல "புஷ் 1"னு சிவப்பு மையில எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தாலும் மத்த ரோலோட சேர்த்து ஓட்டிடுவாங்க. இதுக்கு மேல கிரவுண்டு விளக்கு வேற. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல பழைய டைப் விளக்கு செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/500-ல ஒரு ஃப்ரேம் பச்சை, அடுத்தது பழுப்பு, மூணாவது இருட்டு. கறுப்பு வெள்ளையில அட்லீஸ்ட் அந்தக் கலர் கூத்து இல்ல.

"முகம் இருட்டா இருக்கே?" இருட்டாத்தான் இருக்கும். புஷ் பண்றதால நிழல்ல இல்லாத விவரம் வந்துடாது, வெளிச்சப் பகுதிதான் மேல ஏறும். மேலருந்து அடிக்கிற விளக்குல, ஹெல்மெட் கம்பிக்குப் பின்னாடி இருக்கிற கோல்கீப்பர் முகம் ஃபிலிம்ல பதியவே இல்ல. "புள்ளி புள்ளியா இருக்கு." அது கிரெயின், அதுதான் ஃபிலிம். "நானே ஃபில்டர் போட்டுச் சரி பண்ணிட்டேன்." ரொம்ப சந்தோஷம்.

கடைசியா வர்றதுதான் உச்சம்: "எல்லாம் ஓகே, அந்தக் கோல் மட்டும் இல்லையே?"

கோல் வேணும்னா மேட்சுக்கு முன்னாடி வந்து சொல்லுங்க. பெனால்டி கார்னர் (எதிர் டீம் தப்பு பண்ணினா, கோல் பக்கத்துக் கோட்டுலேருந்து பந்தைத் தள்ளி ஆரம்பிக்கிற வாய்ப்பு) கிடைச்சா எந்தப் பக்கத்துலேருந்து பந்தைத் தள்ளி விடுவீங்க, யார் நிறுத்துவா, யார் டிராக் ஃப்ளிக் (பந்தை மட்டையால இழுத்துச் சுண்டி அடிக்கிறது), யாருக்கு டம்மி (அடிக்கிற மாதிரி ஏமாத்துறது)? பந்து கோல் கம்பத்துலேருந்து குறைஞ்சது 10 மீட்டர் தள்ளி ஆரம்பிக்குது, கோலுக்கு முன்னாடி வளைவாப் போட்டிருக்கிற 'டி' கோட்டைத் தாண்டி வெளிய போய் நிக்குது. 'டி'யோட உச்சி கோல்லேருந்து 14.63 மீட்டர். நிறுத்துற இடம் தெரிஞ்சா ஃபோகஸை அங்க முன்னாடியே வச்சுட்டு, தள்ளி விடுறவன் கை அசையறப்போவே மூச்சைப் பிடிச்சுக் காத்திருக்கலாம். அந்த ஒரு விவரத்தைச் சொல்ல ஒருத்தனும் வந்ததில்ல, கேட்டாலும் "அதெல்லாம் சீக்ரெட் அண்ணே"ங்கிறானுங்க. எதிர் டீம் கோல்கீப்பரே ரெண்டாவது கார்னர்லயே கண்டுபிடிச்சுடுற சீக்ரெட்.